அணுகுண்டுச் செய்தியைப் பதறாமல் படிப்பது எப்படி?

2025 மே இரண்டாவது வாரம். பாகிஸ்தானோடு நான்கு நாள் நடந்த சண்டை 10ஆம் தேதி சாயங்காலம் நின்றுவிட்டது, ஆனால் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அதற்கு அப்புறம்தான் சூடு பிடித்தது. கிரானா மலைக்குள் பாகிஸ்தான் வைத்திருந்த அணுகுண்டுக் கிடங்கை நம் விமானப்படை உடைத்துவிட்டதாம், கதிர்வீச்சு கசிகிறதாம், ஊர் ஊராகக் காலி செய்கிறார்களாம். வள்ளியூரிலிருந்து சித்தி போன் போட்டார். "ஏலே, அவன் கிடங்குல நாம போட்டோம்னா, அவன் கூடங்குளத்துல போட மாட்டானா? பிள்ளையளக் கூட்டிக்கிட்டு எங்கலே போவ?"

நான் இயற்பியல் படித்தவன் என்று குடும்பத்தில் ஒரு பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைக் காப்பாற்ற அரை மணி நேரம் விளக்கினேன். விளக்கியதில் பாதி தப்பு. அதைவிட மோசம், கிரானா மலைச் செய்தியை நானே இரண்டு குழுக்களுக்குத் தள்ளிவிட்டிருந்தேன். கிரானா மலையை நாங்கள் தாக்கவில்லை என்று நம் விமானப்படையின் ஏர் மார்ஷல் ஏ.கே. பார்தி செய்தியாளர்களிடமே சொன்னார். இரண்டு மூன்று நாளில் சர்வதேச அணுசக்தி முகமையும் பாகிஸ்தானின் எந்த அணு நிலையத்திலிருந்தும் கசிவு இல்லை என்றது. சித்தியைத் திரும்பக் கூப்பிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு இப்படிப்பட்ட செய்திகளை நான் எப்படிப் படிக்கிறேன் என்பதுதான் இது. நிபுணன் எழுதுவது இல்லை, ஒரு தடவை சூடுபட்ட ஆள் எழுதுவது.

செய்தியில் எத்தனை 'ஆம்' வருகிறது என்று முதலில் பாருங்கள். அடித்துவிட்டார்களாம், கசிகிறதாம், சொல்லியிருக்கிறாராம். யார் சொன்னது, எப்போது சொன்னது என்று ஒரு பெயரும் தேதியும் இல்லாமல் மூன்று 'ஆம்' வந்தால் அதை அங்கேயே விட்டுவிடலாம். மேலே படிக்க வேண்டியதே இல்லை.

எந்த அணு?

நம்ம பக்கத்தில் 'அணு' என்றாலே கூடங்குளம்தான். அதனால் அணு ஆயுதச் செய்தி எது வந்தாலும் மனசு நேரே அங்கே போய் நிற்கிறது. அணுமின் நிலையத்தையும் அணுகுண்டையும் பிரித்துப் பார்ப்பதற்கு ஒரு சின்னக் கணக்குப் போதும், பொறுமையாகப் பாருங்கள்.

தோண்டி எடுக்கிற யுரேனியத்தில் 1000 அணுக்களை எண்ணி வைத்தால் அதில் 7தான் நமக்கு வேண்டிய, எளிதில் பிளக்கிற 235 வகை. மிச்சமெல்லாம் 238. செறிவூட்டுவது என்றால் வேறொன்றும் இல்லை, சொளகில் போட்டுப் புடைக்கிற மாதிரி வேண்டாததைத் தள்ளிக்கொண்டே வருவது. அந்த 7ஐ வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளித் தள்ளி, மொத்தம் 175 அணு மிஞ்சுகிற வரைக்கும் வந்தால் 4 சதவீதம். கூடங்குளம் மாதிரி உலைகளில் போடுவது கிட்டத்தட்ட இந்தப் பக்குவம்தான், 3 முதல் 5 சதவீதம். குண்டுக்கு 90 சதவீதம் வரைக்கும் போக வேண்டும், அதாவது 8 அணுதான் மிஞ்ச வேண்டும், அதில் 7 நம்முடையது. 4 சதவீதச் சரக்கு ஹிரோஷிமா மாதிரி வெடிக்காது, வெடிக்க வைக்கவும் முடியாது.

ஈரான் செய்திக்கும் இதே கணக்கு உதவும். 60 சதவீதம் வரை செறிவூட்டினார்கள் என்று படிக்கும்போது, சரி, இன்னும் 30 பாக்கி இருக்கிறதே, மூன்றில் இரண்டு பங்குதானே தாண்டியிருக்கிறார்கள் என்று தோன்றும். எண்ணிப் பாருங்கள். 60 சதவீதத்தில் மிஞ்சியிருப்பது 12 அணு. 1000லிருந்து 12க்கு வந்தவனுக்கு 12லிருந்து 8க்குப் போவது ஒரு வேலையா? ஈரானோடு வல்லரசுகள் போட்ட 2015 ஒப்பந்தத்தில் 3.67 சதவீதத்தைத் தாண்டாதே என்று ஏன் எல்லை போட்டார்கள், 2018இல் அமெரிக்கா அதை விட்டு வெளியேறியதும் ஏன் இவ்வளவு பதற்றம் வந்தது, 2025 ஜூனில் ஈரானின் செறிவூட்டும் நிலையங்களான நடான்ஸ், ஃபோர்டோ மேல் ஏன் குண்டு விழுந்தது என்பதெல்லாம் இந்தப் புடைக்கிற கணக்கில் அடங்கிவிடும். நியாயமா அநியாயமா என்பது வேறு பேச்சு.

அப்படியானால் கூடங்குளத்தைப் பற்றிப் பயப்படவே கூடாதா என்றால், நான் அப்படிச் சொல்லவில்லை. 1986 செர்னோபில், 2011 ஃபுகுஷிமா இரண்டும் குண்டு வெடித்து நடந்தவை இல்லை, உலை விபத்துகள். இடிந்தகரை மக்கள் வருடக்கணக்கில் பந்தலில் உட்கார்ந்து கேட்டது அந்தக் கேள்வி. அது நியாயமான கேள்வி, அதற்கு உலைப் பாதுகாப்பு, கழிவு, கடல், மீன் என்று தனிப் பதில்கள் வேண்டும். அணு ஆயுதச் செய்தியோடு அதைக் குழப்பினால் இரண்டுமே விளங்காமல் போகும்.

சித்தி கேட்டதற்கும் ஒரு பதில் இருக்கிறது, அது அன்றைக்கு எனக்கே தெரியாது. 1988 நவம்பர் 20ஆம் தேதி ராஜீவ் காந்தியும் சோவியத் தலைவர் கோர்பச்சேவும் கூடங்குளம் ஒப்பந்தத்தைப் போட்டார்கள். அதற்கு ஆறு வாரத்துக்குள், டிசம்பர் 31ஆம் தேதி, இஸ்லாமாபாத்தில் ராஜீவும் பெனாசிர் பூட்டோவும் இருக்க இன்னொரு ஒப்பந்தம் கையெழுத்தானது. உன் அணு நிலையங்களை நான் அடிக்க மாட்டேன், என்னுடையதை நீ அடிக்காதே என்பதுதான் அதன் சாரம். ஒவ்வொரு ஆண்டும் ஜனவரி 1ஆம் தேதி இரண்டு நாடுகளும் தங்கள் அணு நிலையங்களின் பட்டியலை மாற்றிக்கொள்ள வேண்டும். 1992 முதல் மாற்றிக்கொள்கிறார்கள். கார்கில் வந்தது, பாராளுமன்றத் தாக்குதல் வந்தது, புல்வாமா வந்தது, பட்டியல் மட்டும் நிற்கவில்லை. காகிதம் குண்டைத் தடுக்காது என்பீர்கள், சரிதான். ஆனால் இத்தனை வருஷம் கிழிபடாமல் இருக்கிற காகிதத்துக்கு ஒரு எடை உண்டு.

எண்ணைப் பார்த்து ஸ்கோர் போடாதீர்கள்

டீக்கடையில் அடிக்கடி நடக்கிற பேச்சு இது. "அண்ணாச்சி, நம்மகிட்ட 180, அவன்கிட்ட 170. பத்து நமக்குத்தான் கூட." கபடியில் பத்துப் புள்ளி முன்னால் இருப்பது பெரிய விஷயம்தான். இங்கே ஒன்றும் இல்லை. 180, 170 என்பது இரு நாட்டு அணுகுண்டுகளுக்கு ஸ்டாக்ஹோம் அமைதி ஆய்வு நிறுவனத்தின் 2025 ஜனவரி மதிப்பீடு. இந்த நாடுகள் கணக்கைத் திறந்து காட்டுவதில்லை, வெளியிலிருந்து கணித்துச் சொல்வதுதான். அதே மதிப்பீட்டில் ரஷ்யாவுக்கு 5,459, அமெரிக்காவுக்கு 5,177, சீனாவுக்கு சுமார் 600. ரஷ்யா, அமெரிக்கா கணக்கில் ஓய்வுபெற்று, உடைப்பதற்காகக் காத்திருக்கிற குண்டுகளும் சேர்ந்திருக்கும். அதனால் எண் வந்தால் அது மொத்தமா, இருப்பில் உள்ளதா, ஏவுகணையில் பொருத்தித் தயாராக நிற்பதா என்று கேளுங்கள். மூன்றும் வேறு வேறு.

டன் கணக்கிலும் ஏமாறுவோம். ஆயிரம் கிலோ குண்டு என்று ஒரு செய்தியில் வந்தால் அது குண்டின் எடை. கிலோ டன் என்று வந்தால் அது வெடிப்பின் வலு, ஒரு கிலோ டன் என்பது ஆயிரம் டன் டிஎன்டி வெடிமருந்து வெடித்ததற்குச் சமம். ஹிரோஷிமாவில் விழுந்தது சுமார் 15 கிலோ டன். இந்த இரண்டையும் கலந்து எழுதிய தமிழ்ச் செய்திகளை நானே நிறையப் பார்த்திருக்கிறேன்.

தூரமும் அப்படித்தான். அக்னி-5 ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகும் என்றால் நமக்குப் பெருமையாக இருக்கிறது, பாகிஸ்தானின் நஸ்ர் ஏவுகணை 60, 70 கிலோமீட்டர்தான் என்றால் சிரிப்பு வருகிறது. எனக்கு அந்த 60தான் அதிகப் பயம். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து காவல்கிணறு வரைக்கும் போகிற தூரம்தான் அது. அவ்வளவு கிட்டே அடிக்கிற ஆயுதத்தை எல்லைக்கு அருகில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். நிறுத்தினால் எதிராளி கைப்பற்றிவிடுவானோ, அதற்கு முன்னால் போட்டுவிடலாமா என்ற யோசனை வரும். அந்த யோசனை தலைநகரத்தில் பெரிய மேஜையைச் சுற்றி நடக்காமல், வயல்காட்டில் புழுதிக்குள் நிற்கிற ஒரு அதிகாரியின் தலைக்குள் நடக்க நேரலாம். சின்ன எண்ணைச் சின்னதாக நினைக்காதீர்கள்.

யார் கை?

இதுதான் முக்கியமான கேள்வி, செய்திகளில் ரொம்பக் குறைவாக வருகிற கேள்வியும் இதுதான். தலைவர் ஒரு சிவப்புப் பொத்தானை அழுத்துகிற மாதிரி எல்லோரும் படம் போடுகிறார்கள். அப்படி ஒரு பொத்தான் கிடையாது. உத்தரவு ஒரு வாயிலிருந்து கிளம்பி, பல கைகள் மாறி, கடைசியில் ஒரு எந்திரத்துக்குப் போகிறது. எந்த நாட்டில் எத்தனை கை என்று தெரிந்துகொண்டால் பாதிச் செய்தி தானாக விளங்கும்.

அமெரிக்காவில் அதிபர் ஒருவர் போதும். பாராளுமன்றத்தைக் கேட்க வேண்டாம், அமைச்சர் ஒப்புதல் வேண்டாம். அதற்கான பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒரு ராணுவ அதிகாரி எப்போதும் கூடவே திரிவார். பிரிட்டனில் புதிதாகப் பதவிக்கு வருகிற பிரதமர் முதல் வேலைகளில் ஒன்றாகத் தன் கையால் கடிதங்கள் எழுதுவார். நாடே அழிந்து, உத்தரவு கொடுக்க ஆளில்லாமல் போனால் என்ன செய்வது என்று நீர்மூழ்கிக் கப்பல்களின் தளபதிகளுக்கு எழுதும் கடிதம், பெட்டகத்தில் பூட்டப்படும், அவர் பதவி விட்டால் படிக்காமலே அழிக்கப்படும். தேர்தலில் ஜெயித்து மாலை வாடுவதற்குள் உட்கார்ந்து எழுத வேண்டிய கடிதமா அது! பாகிஸ்தானில் அணு ஆயுதங்களுக்கான ஆணையத்துக்குப் பிரதமர் தலைவர், ஆனால் சாவிக்கொத்து ராணுவத்தின் இடுப்பில் இருக்கிறது என்பது ஊரறிந்த விஷயம்.

நம் நாட்டில் 2003 ஜனவரி 4ஆம் தேதி வெளியிட்ட அறிவிப்பின்படி அணு ஆயுதக் கட்டளை ஆணையம் என்று ஒன்று இருக்கிறது. அதில் அரசியல் குழுவுக்குப் பிரதமர் தலைவர், அந்தக் குழு மட்டும்தான் உத்தரவு போட முடியும். தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் தலைமையிலான நிர்வாகக் குழு விவரம் கொடுக்கும், உத்தரவை நிறைவேற்றும். முதலில் நாங்கள் போட மாட்டோம், எங்கள் மேல் போட்டால் திருப்பி அடிப்பது தாங்க முடியாததாக இருக்கும் என்பது அதே அறிவிப்பில் உள்ள கொள்கை. உயிரியல், வேதியியல் ஆயுதத்தால் தாக்கினால் அணு ஆயுதத்தால் திருப்பித் தரும் உரிமையை வைத்துக்கொள்கிறோம் என்ற வரியும் அதில் உண்டு, அதைப் பலர் விட்டுவிட்டுச் சொல்கிறார்கள்.

முதலில் போட மாட்டேன் என்று சொல்கிறவனுக்கு ஒரு சிக்கல் இருக்கிறது. முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டும். தரையில் இருப்பதை எதிரி அழித்துவிடலாம், ஆகவே கடலுக்கடியில் ஒளித்துவைக்க வேண்டும். அதற்குத்தான் ஐஎன்எஸ் அரிஹந்த், 2024 ஆகஸ்டில் விசாகப்பட்டினத்தில் சேர்த்த ஐஎன்எஸ் அரிகாத் நீர்மூழ்கிகள் எல்லாம். சரி, கடலுக்கடியில் ஒளிந்திருப்பவனுக்கு எப்படிச் சொல்லி அனுப்புவது? சாதாரண ரேடியோ அலை உப்புத் தண்ணீருக்குள் இறங்காது. ரொம்பத் தாழ்ந்த அதிர்வெண் அலைதான் சில பத்து மீட்டர் ஆழம் வரை போகும். அந்த அலையை அனுப்ப மலை மாதிரி உயரமான கம்பங்கள் வேண்டும்.

நாங்குநேரியிலிருந்து திசையன்விளைப் பக்கம் போகும்போது விஜயநாராயணத்தில் வானத்தைக் குத்திக்கொண்டு நிற்கிறதே, அதுதான். ஐஎன்எஸ் கட்டபொம்மன். 1990இல் தொடங்கிய கடற்படைத் தளம், கம்பங்கள் 400 மீட்டருக்கு மேல் உயரம். சின்ன வயசில் அதை ஏதோ டிவி டவர் என்று நினைத்திருந்தேன், எங்கள் பஸ்ஸில் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அங்கிருந்து என்ன செய்தி போகிறது என்பதை நமக்கு யாரும் சொல்லப் போவதில்லை, சொல்லவும் கூடாது. நீர்மூழ்கிகளோடு தொடர்புகொள்ளும் நிலையம் என்பது கடற்படையே சொல்லியிருப்பது. அந்த அலையில் நீளமாகப் பேச முடியாது, வேகம் அவ்வளவு குறைவு, நாலு எழுத்து நாலு எண் மாதிரிச் சின்னச் செய்திகள்தான் போகும். கீழே இருப்பவன் கேட்டுக்கொள்ளலாம், அதே வழியில் பதில் சொல்ல முடியாது. பனங்காட்டுக்கு நடுவிலிருந்து ஒருவழிப் பேச்சு.

கடைசிக் கையில் இருக்கிற மனிதனைப் பற்றியும் படியுங்கள். 1962 அக்டோபர் 27, கியூபாவுக்கு அருகில் ஒரு சோவியத் நீர்மூழ்கி. மேலே அமெரிக்கக் கப்பல்கள் எச்சரிக்கைக் குண்டு போடுகின்றன, உள்ளே காற்று இல்லை, வெக்கை, போர் தொடங்கிவிட்டதா என்றே தெரியாது. அணு ஆயுத டார்பிடோவை விடலாம் என்ற பேச்சு வந்தபோது வாசிலி ஆர்கிபோவ் என்ற அதிகாரி வேண்டாம் என்றார். 1983 செப்டம்பர் 26, அமெரிக்கா ஏவுகணை விட்டுவிட்டது என்று சோவியத் கணினி அலறியது. பணியில் இருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ், அஞ்சு ஏவுகணையை மட்டும் வைத்து யாராவது போர் தொடங்குவானா என்று யோசித்து, தவறான எச்சரிக்கை என்று மேலே சொன்னார். மேகத்தில் பட்டுத் திரும்பிய வெயில்தான் அது.

நாமும் இதில் சேர்த்திதான். 2022 மார்ச் 9ஆம் தேதி நம் பிரமோஸ் ஏவுகணை ஒன்று தவறுதலாகக் கிளம்பி பாகிஸ்தானில் மியான் சன்னு பக்கம் போய் விழுந்தது. நல்லவேளை, அதில் வெடிபொருள் இல்லை, யாரும் சாகவில்லை. பின்னால் விமானப்படை அதிகாரிகள் மூன்று பேரை வேலையை விட்டு நீக்கினார்கள். ஏவுகணைச் சோதனையை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று 2005இல் இரு நாடுகளும் போட்ட ஒப்பந்தம் வில் மாதிரி மேலே போய் இறங்குகிற ஏவுகணைகளுக்குத்தான், பிரமோஸ் மாதிரித் தாழப் பறக்கிற க்ரூஸ் வகை அதில் வராது. எனக்குத் தெரிந்து எங்கள் டீக்கடையில் இதைப் பற்றி ஒரு நாள்கூட யாரும் பேசவில்லை. யாரோ ஒரு தலைவர் மேடையில் கத்தியதைப் பற்றி மட்டும் வாரக்கணக்கில் பேசினோம்.

வாயையும் கையையும் தனித்தனியாக

தலைவர் பேச்சைப் படிக்கும்போது வினைச்சொல்லை மட்டும் உருவி எடுத்துப் பாருங்கள். செய்தோம், செய்வோம், செய்ய நேரலாம், செய்ய மாட்டோம் என்று சொல்வதற்கில்லை. நாலுக்கும் தூரம் ரொம்ப. 2019 ஆகஸ்டில் பொக்ரானில் நின்று ராஜ்நாத் சிங் சொன்னது, முதலில் பயன்படுத்துவதில்லை என்ற கொள்கையை இதுவரை கடைப்பிடித்து வருகிறோம், வருங்காலத்தில் என்ன என்பது சூழ்நிலையைப் பொறுத்தது என்று. மறுநாள் கொள்கை மாறிவிட்டது என்றே பலர் பேசினார்கள். மாறவில்லை. மாறலாம் என்று எதிராளி நினைக்கட்டும் என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை.

சில சொற்களே வழுக்கும். 2025 அக்டோபர் கடைசியில் அணு ஆயுதச் சோதனையைத் தொடங்கப் போவதாக டிரம்ப் அறிவித்தார். அமெரிக்கா கடைசியாகக் குண்டை வெடித்துச் சோதித்தது 1992இல். உலகமே பதறியது. சில நாள் கழித்து அவருடைய எரிசக்தி அமைச்சரே, அணு வெடிப்பு எதுவும் இல்லை, மற்ற பாகங்களைச் சோதிப்பதுதான் என்றார். 'சோதனை' என்றால் ஏவுகணையைப் பறக்கவிடுவதும் சோதனை, பூமிக்கடியில் குண்டு வெடிப்பதும் சோதனை. எது என்று கேட்காமல் பயப்படக் கூடாது, நிம்மதியும் கூடாது.

யாருக்காகப் பேசுகிறார் என்பதையும் பாருங்கள். அணு ஆயுத மிரட்டலுக்குப் பணிய மாட்டோம் என்று 2025 மே 12ஆம் தேதி பிரதமர் மோடி பேசியது இஸ்லாமாபாத்துக்கு எவ்வளவோ அவ்வளவு நமக்கும்தான். 2022 பிப்ரவரியில் அணு ஆயுதப் படைகளைத் தயார்நிலைக்கு மாற்றச் சொல்லி புதின் டிவி கேமரா முன்னால் உத்தரவிட்டதும் அப்படி. ரகசிய உத்தரவை யாராவது கேமரா முன்னால் போடுவார்களா? உண்மையிலேயே செய்யப்போகிறவர்கள் பெரும்பாலும் வாயை மூடிக்கொள்வார்கள். 1998 மே 11ஆம் தேதி பொக்ரானில் வெடிக்கும் வரைக்கும் வாஜ்பாய் அரசிடமிருந்து ஒரு மூச்சு வெளியே வரவில்லை, அமெரிக்க உளவு செயற்கைக்கோள்களுக்கே தெரியவில்லை.

சமாதானமும் சத்தமில்லாமல்தான் நடக்கும். கியூபாவில் சோவியத் ஏவுகணைகளை வைத்ததால் 1962இல் கிளம்பிய விவகாரத்தில் அமெரிக்க அதிபர் கென்னடி வெளியே விறைப்பாக நின்றார், அவர் மிரட்டியதில் சோவியத் தலைவர் குருஷேவ் பணிந்தார் என்றே உலகம் வெகுகாலம் நம்பியது. உள்ளே நடந்தது வேறு. துருக்கியில் வைத்திருக்கிற எங்கள் ஏவுகணைகளை எடுத்துக்கொள்கிறோம், ஆனால் வெளியே சொல்லக் கூடாது என்று அமெரிக்கர்கள் ரகசியமாக வாக்குக் கொடுத்திருந்தார்கள். விட்டுக்கொடுத்ததை மறைத்துவிட்டு வீரத்தை மட்டும் காட்டியதால், விறைத்து நின்றால் ஜெயிக்கலாம் என்ற தப்பான பாடத்தைப் பின்னால் வந்த எத்தனை தலைவர்கள் படித்தார்களோ!

ஆகவே மிரட்டல் செய்தி வந்தால் நான் தேடுவது வேறு விஷயங்கள். தூதரகத்தில் ஆட்களைக் குறைத்தார்களா, இரு நாட்டு ராணுவத் தலைமையும் பேசும் ஹாட்லைன் ஓடுகிறதா, வான்வழியை மூடினார்களா, சர்வதேச அணுசக்தி முகமையின் ஆய்வாளர்கள் உள்ளே இருக்கிறார்களா வெளியே அனுப்பப்பட்டார்களா. கூடங்குளம் பக்கம் சங்கு ஊதியது என்று வீடியோ வந்தால், அவசரநிலை ஒத்திகை அறிவிப்பு ஏதாவது இருக்கிறதா என்று மாவட்ட நிர்வாகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். ஒத்திகை அவ்வப்போது நடக்கிறதுதான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே சித்தி ஒரு வாய்ஸ் நோட்டை அனுப்பியிருக்கிறார். ஏழு 'ஆம்' இருக்கிறது. "இதையும் பாத்துச் சொல்லுலே" என்கிறார்.

பழகிப் பார்க்க நினைத்தால் வருகிற ஜனவரி 1ஆம் தேதியிலிருந்து தொடங்குங்கள். வாசலில் கோலமெல்லாம் போட்டு முடிந்து வாழ்த்துச் செய்திகள் வந்து குவிகிற நேரம், பேப்பரின் முதல் பக்கத்தில் இருக்காது, உள்ளே எங்காவது நாலு வரியில், இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொண்டன என்று போட்டிருப்பார்கள். அன்றைக்குச் சாயங்காலம் வந்தாலும் வரும், பேப்பரில் மறுநாள் இருந்தாலும் இருக்கும். இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.